குழுவுக்குக் கட்டணம் இல்லை, தங்கச்சி

சுன்னாகத்திலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: “கணவருக்கு 44 வயது, மேசன் வேலை. பத்து வருசமாகச் சாராயம். காலையில் ஒரு கால் போத்தல் போட்டால்தான் கை நடுக்கம் நின்று கரண்டி பிடிக்கலாம். இப்போது தானாகவே விடவேணும் என்கிறார். குடிச்சு விட்டவர்கள் கூடிக் கதைக்கிற குழு இருக்காம். யாழ்ப்பாணத்தில் எங்கே தேடுவது? தெரிந்த ஒருத்தர், மூன்று லட்சம் கட்டினால் கொழும்புப் பக்கம் குடியை நிறுத்தவைக்கிற ஒரு இடத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார். கனடாவில் இருக்கிற அண்ணா காசு அனுப்பத் தயார்.”

அண்ணாவின் காசு கனடாவிலேயே இருக்கட்டும்.

நீங்கள் கேள்விப்பட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குழு, சுருக்கமாக ஏஏ. 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு வைத்தியரும் தொடங்கியது. இரண்டு பேருமே மொடாக் குடியர்கள். குடியை நிறுத்த வேணும் என்ற விருப்பம் இருந்தால் போதும், சேரலாம். கிராம சேவையாளரின் கடிதமோ அடையாள அட்டைப் பிரதியோ கேட்கமாட்டார்கள், முழுப் பெயரும் தேவையில்லை. தேத்தண்ணிக்கும் மண்டபத்துக்கும் ஒரு தட்டு சுற்றி வரும், போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. “பதிவுக் கட்டணம்” என்று யாராவது வாய் திறந்தால் அது ஏஏ அல்ல, எழுந்து வாருங்கள்.

தேடுவதுதான் பாடு. பெயர் வெளியே வராமல் இருப்பது இவர்களின் அடிப்படை என்பதால் பெரும்பாலும் பெயர்ப்பலகை இருக்காது. யாரோ எப்போதோ தட்டச்சடித்த பட்டியலை நம்பிப் போனால் மண்டபம் பூட்டியிருக்கும். ஒருமுறை நானே ஒரு அலுவலகத்தில் இப்படி விசாரித்தேன். மூன்று மேசைக்கு அனுப்பினார்கள். கடைசி மேசையில் இருந்தவர் “எழுத்தில் தாங்கோ” என்றார். சாராயக் கடையைக் கண்டுபிடிக்க இந்த ஊரில் யாரும் கடிதம் எழுதுவதில்லை.

ஆகவே இரண்டு வழி. 1926 என்பது தேசிய மனநல உதவி இலக்கம். தமிழ் பேசுபவரைக் கேட்டு வாங்கி, “யாழ்ப்பாணத்தில் எந்தக் கிழமை, எந்த இடம்” என்று நேராகக் கேளுங்கள். மற்றது, உங்களுக்குக் கிட்டடியில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. அங்கே இருக்கிறவர்களுக்குத்தான் எந்தக் குழு உயிரோடு இருக்கிறது என்று தெரியும். ரவுணுக்குள் போகிறவர்கள் போதனா வைத்தியசாலையிலோ, உளவளத்துணைக்கென்றே இருக்கிற சாந்திகத்திலோ கேட்கலாம்.

ஆனால் உங்கள் வீட்டில் முதலில் போக வேண்டியது குழுவுக்கு அல்ல, தெல்லிப்பழைக்குத்தான். காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் சொல்கிறேன். இப்படிப்பட்டவர் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. நல்லூர்க் கொடியேற்றத்தோடு விடுகிறேன் என்று நேர்த்தி வைத்து, அன்றைக்கே போத்தலை உடைக்கிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. லேசாகக் குடிப்பவருக்கு அது சரி. இவருக்கு முதல் நாள் வியர்வையும் நடுக்கமும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் சுவரில் பூச்சி ஊருகிறது என்று சொல்லலாம், உங்களையே யார் என்று கேட்கலாம். இந்த நிலையில் உயிரும் போகலாம். போயா நாளில் கடை பூட்டியிருக்கும்போது அவர் எப்படி இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள், விளங்கும். வைத்தியசாலையில் சில நாளைக்கு மாத்திரை கொடுத்து, அளவைக் குறைத்துக் குறைத்து இறக்குவார்கள். விற்றமின் பி1 ஊசியும் போடுவார்கள். “களைப்புக்கு ஒரு சேலைன் ஏத்துவம்” என்று சந்திக் கிளினிக்கில் படுக்க வைக்காதீர்கள். அதில் பி1 இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பழுதாகலாம். அரச ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் ஒரு சதமும் இல்லை.

இனி அந்தத் “தெரிந்த ஒருத்தர்”. அவருக்குக் கொமிஷன் எவ்வளவு என்று கேளுங்கள், முகத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் இரவில் எந்த வைத்தியர் நிற்பார், மருத்துவ சபைப் பதிவு உண்டா, நினைத்த நேரம் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். “முதல் மாசம் பார்க்க விடமாட்டினம்” என்றால் கதையை அங்கேயே நிறுத்துங்கள். அடித்து, சங்கிலியில் கட்டிக் குடியை நிறுத்துகிறவர்கள்தான் பார்க்க விடமாட்டார்கள்.

இதே ஆட்கள் கறிக்குள் தெரியாமல் கலக்க ஒரு தூளும் தருவார்கள். அது டைசல்பிராம் என்ற மருந்தாக இருக்கலாம். சம்மதத்தோடு, வைத்தியர் கண்காணிப்பில் எடுத்தால் அது நல்ல மருந்து. தெரியாமல் சாப்பிட்டவர் தவறணையில் ஒரு பிளா கள்ளுக் குடித்தாலே நெஞ்சு படபடத்து, பிறஷர் இறங்கி விழலாம். இருதயம் பலவீனமானவர் எழும்பாமலே போகலாம். நிறுத்தி இரண்டு கிழமை வரையும் அந்த மருந்தின் வேகம் இருக்கும்.

குழு கிடைத்தால் முதல் நாள் அவர் மதிலோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு, பூட்டுவதும் திறப்பதுமாக நிற்பார். இழுத்துக்கொண்டு போகாதீர்கள், அவர் சார்பில் பேசவும் வேண்டாம். “திறந்த கூட்டம்” என்றால் நீங்களும் இருக்கலாம், மற்றதில் குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டுந்தான். கிட்டடியில் ஒன்றுமே இல்லையென்றால் தமிழில் சூம் கூட்டங்கள் உண்டு. கிளினிக் வாங்கில் இவரைப் போல இன்னொரு மேசனும் இருப்பார். ஏஏ கணக்கில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு குழு.

திங்கட்கிழமை காலை தெல்லிப்பழைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை அந்தக் காலைக் கால் போத்தலைப் பறிக்க வேண்டாம்.