சுருதி இறங்குவது யாரால்?

அன்புள்ள ஐயா,

நாங்கள் 14 பேர் கொண்ட சிறிய பாடகர் குழு. யாருக்கும் இது தொழில் இல்லை. வாரம் ஒரு மாலை, வேலை முடிந்து வந்து 2 மணி நேரம் பாடுகிறோம். பக்கவாத்தியம் கிடையாது, குரல்கள் மட்டும். பெண்களில் உயர்ந்த குரலான சோப்ரானோ 5, தாழ்ந்த குரலான ஆல்டோ 4; ஆண்களில் உயர்ந்த குரலான டெனர் 2, தாழ்ந்த குரலான பேஸ் 3. இன்னும் 9 வாரத்தில் முதல்முறையாக வெளியூர்ப் பயணம் போகிறோம். 8 நாளில் 5 மேடைகள், 11 பாட்டுகள்.

பாட்டு முடியும்போது எங்களுக்குச் சுருதி இறங்கிவிடுகிறது. இசைக்கவையைத் தட்டிப் பார்த்தால் சில நாள் அரைச்சுரம் (ஹார்மோனியத்தில் அடுத்த கட்டை அளவு) குறைந்திருக்கிறது. ஆல்டோவில் 68 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். குழு தொடங்கிய நாளிலிருந்து பாடுகிறவர். இப்போது குரல் நடுங்குகிறது, நீண்ட வரிகளின் கடைசியில் தளர்கிறது. அவரால்தான் சுருதி இறங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பயணத்துக்கு மட்டும் அவரை விட்டுவிடலாமே என்று கொயர் மாஸ்டரும் சொல்லத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் நின்று பாடுபவள் நான். அதனால் அவரிடம் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. குழுவில் பல வருடம் பாடியவர் நீங்கள். நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தோழிக்கு,

அந்த அம்மாவிடம் நீங்கள் இப்போது பேச வேண்டாம். இரக்கத்தால் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். சுருதி இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் குரல் தளர்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டது யார், எதை வைத்து என்பது கடிதத்தில் எங்குமே இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் காதில் விழுகின்றன. இதுவரை உங்கள் குழுவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தனியாகப் பாடுகிறவருக்கு முதுகுக்குப் பின்னால் தம்புரா இருக்கிறது. ஸட்ஜமும் பஞ்சமும் மட்டுமே மீட்டினாலும் நல்ல தம்புராவில் அந்தர காந்தாரம் என்ற ஸ்வரம் தானாக எழுந்து நிற்கும். தந்தி தன் சுரத்தைப்போல ஐந்து மடங்கு அதிர்வில் கூடவே எழுப்பும் மேற்சுரம் அது. பாடகர் எங்கே போனாலும் வந்து சாய்ந்துகொள்ள அசையாத ஒரு சுவர். வாத்தியமில்லாத குழுவில் அந்தச் சுவர் கிடையாது. உங்கள் தம்புரா உங்கள் பக்கத்தில் நிற்பவர்தான். அவருடைய தம்புரா நீங்கள். எல்லோரும் ஒன்றாக நகர்ந்தால் நகர்ந்தது யாருக்கும் தெரியாது.

இன்னும் விநோதம், ஒருவர்கூடத் தவறு செய்யாமலே அப்படி நகர முடியும். ஜொவானி பத்திஸ்தா பெனடெட்டி என்ற இத்தாலியக் கணித அறிஞர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டி, இசையமைப்பாளர் சிப்ரியானோ டி ரோரேவுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் 1585-இல் அவர் வெளியிட்ட நூலில் இருக்கின்றன. கணக்கின் சாரத்தை நம் ஸ்வரங்களில் சொல்கிறேன். ஸட்ஜத்தை நொடிக்கு 243 அதிர்வில் தொடங்குங்கள். அதோடு சுத்தமாகச் சேரும் தைவதம் 405. அந்தத் தைவதம் பஞ்சமமாக அமையும்படி கீழே இறங்கினால் ரிஷபம் 270. அந்த ரிஷபத்துக்கு மத்யமமாக மேலே ஏறினால் பஞ்சமம் 360. அந்தப் பஞ்சமத்துக்குரிய ஸட்ஜத்துக்கு இறங்கினால் 240. வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்கே வந்துவிட்டோம், ஆனால் 243 இல்லை, 240. ஒவ்வோர் அடியிலும் முந்தைய ஸ்வரத்தோடு அப்பழுக்கில்லாமல் சேர்ந்தோம். சேர்ந்ததாலேயே இறங்கினோம். இந்த வித்தியாசம் அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இப்படி ஒரு சுற்று பாட்டில் 5 முறை வந்தால் நீங்கள் எழுதியிருக்கும் அரைச்சுரம் கணக்குக்கு வந்துவிடுகிறது. அதே பாதையில் எதிர்ப்பக்கமாக நடந்தால் சுருதி ஏறும்.

உங்கள் இறக்கம் முழுவதும் இந்தக் கணக்கால் வருவது என்று நான் சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்களின் குழுக்களில் இதைவிட எளிய காரணங்கள் நிறைய. ஒரே ஸ்வரத்தில் ஏழெட்டுச் சொற்கள் வரும் இடத்தைப் பாருங்கள். பாட எளிதாகத் தோன்றும், அங்கேதான் மணல் சரிவதுபோலச் சரியும். இறங்கும் ஸ்வரங்களைக் கொஞ்சம் அதிகமாக இறங்குவோம், ஏறும் ஸ்வரங்களில் கொஞ்சம் குறைவாக ஏறுவோம். ஒருவர் வாயை அகலத் திறந்து ‘ஆ’ என்பார், அடுத்தவர் குவித்துச் சொல்வார். ஸ்வரம் ஒன்றாகவே இருந்தாலும் காதுக்குச் சுருதி பிசகியதுபோல இருக்கும். இத்தனைக்கும் மேலே நாள் முழுக்க உழைத்த உடம்பு.

நான் 11 வருடம் ஒரு சிறு குழுவில் டெனர் பாடினேன். எங்களிடமும் ஒருவர் இருந்தார், வயதான பேஸ். மூக்கால் பாடுவார், ஒவ்வொரு வரியிலும் அரை நொடி பிந்தி வருவார். வெளியூர் போகும்முன் அவரை விட்டுவிடலாம் என்று பேச்சு எழுந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். வண்டியில் இடம் போதவில்லை என்று அவரிடம் சொன்னோம். பயணத்தின் 3 நிகழ்ச்சிகளையும் பதிவு செய்திருந்தோம். திரும்பி வந்து ஒரு மாலை இசைக்கவையைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைக் கேட்டேன். அவர் இருந்தபோது எந்தப் பாட்டு எவ்வளவு இறங்குமோ அதே பாட்டு அதே அளவு இறங்கியிருந்தது. ஒன்றில் இன்னும் கொஞ்சம் கூடுதல். குழுவில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. அவரைத் திரும்ப அழைத்து வரவும் யாரும் போகவில்லை. நான் போயிருக்க வேண்டும். அவர் அதன்பிறகு வரவே இல்லை. உங்கள் கடிதத்தை உடனே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

எனவே முதலில் சோதித்துப் பாருங்கள். அந்த அம்மா காய்ச்சலென்றோ வேறு வேலையென்றோ ஒத்திகைக்கு வராத நாட்கள் இருந்திருக்கும். அன்றைய கைபேசிப் பதிவு யாரிடமாவது இருக்கும். அதன் கடைசி ஸ்வரத்தை இசைக்கவையோடு வைத்துப் பாருங்கள். பதிவு இல்லையென்றால் அடுத்த ஒத்திகையில் ஒரு பாட்டை நான்கு பகுதிகளும் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்யட்டும். பிறகு இரண்டு இரண்டு பகுதிகளாகச் சேருங்கள், சோப்ரானோவும் பேஸும், ஆல்டோவும் டெனரும். பாட்டுத்தாளின் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் நிறுத்தி இசைக்கவையைத் தட்டுங்கள். எந்த வரியில் இறங்குகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அது பெரும்பாலும் ஓர் ஆளைக் காட்டாது, ஓர் இடத்தைக் காட்டும். அந்த இடத்தைப் பாட்டுத்தாளில் பென்சிலால் வட்டமிடுங்கள். 14 தாளிலும்.

அடுத்தது, நிற்கும் முறை. ஸ்டாக்ஹோமில் குழுப்பாடலின் ஒலியியலை ஆராய்ந்த ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம், பாடுகிறவருக்குத் தன் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளந்து 1999-இல் எழுதினார். சராசரியாக, தன்னுடைய குரல் மற்றவர்களின் ஒலியைவிட 6 டெசிபல் கூடுதலாகத் தன் காதில் விழுவதையே பாடகர்கள் விரும்பினார்கள். அதைவிடக் குறைந்தால் தன் குரலே தனக்குப் பிடிபடுவதில்லை, உடனே தொண்டையை அழுத்திப் பாடத் தொடங்கிவிடுகிறோம். சிறு குழுக்கள் பயத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். நாங்களும் அப்படித்தான் நின்றோம். ஒரு முழங்கை அளவு இடைவெளி விட்டு நின்று பாடிப் பாருங்கள். அந்த அம்மாவை ஓரத்திலிருந்து நகர்த்தி, நிலையாகப் பாடும் இருவருக்கு நடுவில் நிறுத்துங்கள். அவருக்குப் பின்னால் ஒரு பேஸ் நிற்கட்டும். நடுங்கும் குரல் சில நேரம் தனக்குச் சரியாகக் கேட்காத குரலாகவும் இருக்கலாம்.

வரியின் கடைசியில் அவர் தளர்கிறார் என்கிறீர்கள். அது மூச்சு, சுருதி இல்லை. வயதானால் நெஞ்சில் நிற்கும் காற்று குறையும், நீண்ட வரியை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. குழுவில் பாடுவதன் பெரிய வரமே அப்படி முடிக்க வேண்டிய தேவை இல்லை என்பது. முறை வைத்து மூச்செடுங்கள். நீங்கள் மூச்சு வாங்கும்போது அவர் பாடட்டும், அவர் வாங்கும்போது நீங்கள் பாடுங்கள். சொல் முடியும் இடத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கத் தோன்றும், ஆகவே அங்கே வாங்காதீர்கள். நீண்ட உயிரெழுத்தின் நடுவில் வாயை மூடாமல் விலகி, அதே உயிரெழுத்தில் மெல்லத் திரும்ப வாருங்கள். நன்றாகச் செய்தால் கேட்பவருக்கு நான்கு ஆல்டோக்களும் மூச்சே விடாததுபோல இருக்கும். பக்கத்தில் நிற்பவள் நீங்கள் என்பதால் இதை ஏற்பாடு செய்ய உங்களால் முடியும். அவரிடம் நீங்கள் பேச வேண்டிய பேச்சு இதுதான்: ‘அம்மா, நீங்கள் எங்கே மூச்சு வாங்குவீர்கள் என்று சொல்லுங்கள், நான் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன்.’

பயணத்தில் உங்களை உண்மையாகவே சோதிக்கப் போவது மண்டபங்கள். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று புகார் எழுந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். வெறும் கூடத்தில் ஒலி ஐந்தரை நொடியளவு நின்றது. மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. ஆட்கள் வந்து உட்கார்ந்தாலும் மெத்தை போட்டதுபோலத்தான். மாலையில் காலி மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும்போது குரல் வானளாவ எழும். இரவில் கூட்டம் நிறைந்ததும் அதே மண்டபம் உலர்ந்துபோகும். அந்த நேரத்தில் 14 பேருக்கும் ஒரே கணத்தில் தான் தனியாக விடப்பட்டதாகத் தோன்றும். அனுபவமில்லாதவர்கள் சத்தத்தைக் கூட்டுவார்கள், அங்கே சுருதி போய்விடும். ஆகவே வழக்கமான அறையில் மட்டும் பழகாதீர்கள். மிச்சமிருப்பது 18 மணி நேர ஒத்திகை. அதில் 3 மணி நேரத்தையாவது வேறு வேறு இடங்களில் செலவிடுங்கள். மாடிப்படிக்கூடம், துணியும் மெத்தையும் நிறைந்த அறை, திறந்த வெளி. எதிரொலி நீளும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள், மெய்யெழுத்துகளைத் தெளிவாக உச்சரியுங்கள். உலர்ந்த இடத்தில் அடுத்தவர் குரலைத் தேடிப் பிடியுங்கள்.

வண்டியில் போகும்போது வாயை மூடிக்கொண்டு வாருங்கள், கடுமையாகவே சொல்கிறேன். சத்தம் சூழ்ந்தால் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார் என்று எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எழுதினார். எஞ்சின் இரைச்சலுக்கு மேல் 4 மணி நேரம் அரட்டை அடித்த தொண்டை, இரவு மேடையில் உயரமான ஸ்வரத்துக்குப் போகாது. உங்களிடம் டெனர் இருவர்தான். ஒருவர் தொண்டை கட்டினால் பாதி டெனர் போய்விடும். உங்கள் கொயர் மாஸ்டர் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு டெனரும் ஒத்திகைக்கு நேரத்துக்கு வருகிறார்களா என்பதையும் நீங்கள் எழுதவில்லை.

எல்லாம் செய்து பார்த்த பிறகும், சில வரிகள் அந்த அம்மாவுக்கு எட்டவில்லை என்றே தெரியலாம். நடக்கக்கூடியதுதான். அப்போது கொயர் மாஸ்டரே அவரைத் தனியாக உட்காரவைத்து, பாட்டுத்தாளைப் பிரித்து, இந்த வரியில் நீங்கள் பாட வேண்டாம், அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். நீங்கள் அல்ல, அவர். வண்டியில் இடமில்லை என்பதுபோல ஒரு காரணத்தைச் சொல்லக் கூடாது. எத்தனையோ வருடம் ஸ்வரத்தைக் காது கொடுத்துக் கேட்டவர் பொய்யையும் கேட்டுக் கண்டுபிடித்துவிடுவார். 11 பாட்டில் இரண்டையோ மூன்றையோ அவர் விட்டுக்கொடுக்கலாம். பயணத்துக்கு வருவது வேறு விஷயம். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. குழு தொடங்கிய நாளில் நின்றவர், குழு முதன்முதலாக வெளியூர் போகும் நாளிலும் நிற்க வேண்டும்.

சோதனையின் முடிவை எனக்கு எழுதுங்கள். பயணம் முடிந்ததும் இன்னொரு கடிதம். ஐந்தாவது மேடையில் கடைசிப் பாட்டு எத்தனை இறங்கியது என்பதையும், அந்த அம்மா எந்த இடத்தில் மூச்சு வாங்கினார் என்பதையும் சேர்த்து.

அன்புடன்