கோப்பை ஏன் மேசையில ஒக்கார மாட்டேங்குது?

கேள்வி: அக்கா, ஓ.எல் பரீட்சைக்கு சித்திரம் எடுத்திருக்கேன். கேத்தலும் கோப்பையும் வச்சு பார்த்து வரையிறேன், கோப்பை வாய் நல்லா வருது, ஆனா மேசையில ஒக்காராம காத்துல தொங்குற மாதிரியே இருக்கு. – ஹட்டன் வாசகி

பதில்: படத்த பாக்காமலே சொல்றேன் தங்கச்சி, அடியில நேர்கோடு இழுத்திருப்பீங்க. மேசை தட்டைதானேன்னு மனசு சொல்லுது, கையும் அத நம்பிருது. கோப்பைய கண்ணு மட்டத்துக்கு தூக்கிப் புடிங்க, வாய் வெறும் கோடா தெரியும், அப்பிடியே மெதுவா கீழ இறக்குங்க, அந்த கோடு விரிஞ்சு நீள்வட்டமாகி இறக்க இறக்க வட்டமாகிக்கிட்டே வரும். மேசையில வச்ச கோப்பைக்கு வாய விட அடிதானே கண்ணுக்கு இன்னும் கீழ இருக்கு, அப்ப அடி வளைவுதான் கூட வளையணும்! கண்ணாடிக் கோப்பைன்னு நெனச்சு அடி வட்டத்த முழுசா லேசா போட்டுட்டு பின்பக்கத்த அழிச்சிருங்க. நீள்வட்டத்தோட ஓரம் ரெண்டும் கூரா முடியவே கூடாது, அங்கயும் வளைவுதான். கோப்பை மேசைய தொடுற எடத்துல மெல்லிசா ஒரு கறுப்பு ஓடும் பாருங்க, அத 4பி பென்சிலால அழுத்திப் போட்டா கோப்பை அசையாம ஒக்காரும். இன்னொன்னு, வரையிறப்போ குனிஞ்சு நிமிந்துக்கிட்டு இருக்காதீங்க, தலை ஏறி இறங்கினா எல்லா வட்டமும் மாறும்.

கேள்வி: வரைஞ்சிக்கிட்டு இருக்கப்பவே மிஸ்ட் மூடி நிழல் காணாம போயிருது, என்ன செய்ய? – நுவரெலியா வாசகர்

பதில்: நம்ம ஊர்ல வெளிச்சத்த நம்பி ஒக்கார ஏலாது. அதனால சாமானோட வெளிக்கோடு போட்ட கையோட நிழலோட எல்லையையும் எச்பி பென்சிலால லேசா கோடு போட்டு வச்சிருங்க, அப்பறம் மிஸ்ட் வந்தாலும் உள்ளுக்கு நிரப்புறது மட்டும்தான் மிச்சம். இல்லாட்டி கூரை லைட்ட அணைச்சிட்டு ஒரு பக்கத்துல மட்டும் மேசை லாம்ப் வைங்க. பேப்பர பொலித்தீன் பைக்குள்ள வைங்க, ஈரம் ஏறின பேப்பர்ல றப்பர் போட்டா நார் நாரா எழும்பி வரும்.

கேள்வி: எங்க லயத்து வீட்ல வரையிற மாதிரி அழகான சாமான் ஒன்னும் இல்லையே? – பண்டாரவளை வாசகர்

பதில்: அழகு எதுக்கு தம்பி? இத்தாலியில பொலோஞ்ஞா ஊர்ல ஜோர்ஜியோ மொராண்டின்னு ஒருத்தர் (1890–1964), தான் படுக்கிற ரூம்லயே வச்சு அதே போத்தல், அதே ஜாடின்னு கொஞ்ச சாமான எடம் மாத்தி மாத்தி வருசக்கணக்கா வரைஞ்சவரு. பளபளப்பு புடிக்காம சிலதுக்கு பெயின்ட் கூட அடிச்சு வச்சிருந்தாரு. நீங்களும் அலுமினிய கேத்தல இப்போதைக்கு தொடாதீங்க, அதுல கடும் வெள்ளையும் கடும் கறுப்பும் ஒட்டி ஒட்டி வந்து ஆள கொழப்பிரும். மண்சட்டி, உருளக்கிழங்கு, ஒரு போத்தல், முதல்ல இது மூனும் போதும்.