மழை மாசத்துல கோழி முட்டைய நிப்பாட்டிட்டா, பல்பு வாங்குறதுக்கு முன்னாடி கோழிய கையில எடுங்க

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டார் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்டுல ஒன்பது கோழி, ஆறு நாட்டுக்கோழி, மூணு பிவி 380 (முட்டைக்குன்னே வளர்க்குற கலப்பினக் கோழி), எல்லாம் போன வருஷம் மே மாசம் வாங்குன குஞ்சு. ஐப்பசி வரைக்கும் தினமும் நாலஞ்சு முட்டை கிடைச்சுது, இப்ப கார்த்திகை பாதியில வாரத்துக்கு ரெண்டு கூட இல்ல, கூடு முழுக்க இறகா கிடக்கு. யூடியூப்ல குளிர்காலத்துல பகல் குறையும் 100 வாட்ஸ் பல்பு போடுங்கன்னு சொல்றாங்க, போடலாமா, கிறிஸ்துமஸ் கேக்குக்கு முட்டை வேணுமே அப்படின்னு.

அக்கா, இந்த வருஷம் கேக்குக்கு கடை முட்டைதான், அத முதல்லயே சொல்லிடுறேன்.

பல்பு கதை பொய் இல்ல. கோழிக்கு வெளிச்சம் மண்டை ஓட்டைத் தாண்டி மூளையிலயே படும், ஒரு நாளைக்கு 14ல இருந்து 16 மணி நேரம் வெளிச்சம் கிடைச்சா முட்டைக்கான ஹார்மோன் நல்லா ஓடும். ஆனா அந்த வீடியோ எல்லாம் டிசம்பர்ல எட்டு மணி நேரம்தான் பகல் இருக்குற பனி நாட்டுக்காரங்க எடுக்குறது. நம்ம ஊர்ல டிசம்பர்லயும் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல பகல் உண்டு, ஜூனுக்கும் டிசம்பருக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் கூட வராது. குளிரும் காரணம் இல்ல, நமக்கு கார்த்திகையில போர்வை தேடுற குளிர் கோழிக்கு சுகமான குளிர்.

உங்க கேள்வியிலயே பதில் இருக்கு, அந்த இறகுதான். மே மாசக் குஞ்சுக்கு இப்ப ஒன்றரை வயசு, முதல் தடவையா முழுசா இறகு உதிர்க்குற வயசு. இறகுல 85 சதவீதம் வரைக்கும் புரோட்டீன், தின்னுற சத்தெல்லாம் இறகுக்குப் போயிட்டா முட்டைக்கு எங்க இருந்து வரும், அதனால உடம்பே கடைய அடைச்சிடும். இது முடிய ரெண்டு மூணு மாசம் ஆகும்.

இருந்தாலும் ஒவ்வொரு கோழியையும் ராத்திரி கூட்டுல வச்சு பிடிச்சுப் பாருங்க. பின்துவாரத்துக்குக் கீழ ரெண்டு பக்கமும் எலும்பு முனை தட்டுப்படும், நடுவுல ரெண்டு மூணு விரல் போச்சுன்னா அது முட்டை போடுற கோழி, ஒரு விரலுக்கே இடம் இல்லாம துவாரமும் வறண்டு சுருங்கி இருந்தா போடல. கொண்டை சிவப்பா வெளுப்பான்னும் பாருங்க. கோழி போடுதுன்னு விரல் சொல்லுது ஆனா முட்டை கையில வரலன்னா அது வேற விஷயம், கூட்டுல முட்டையிடுற இடம் நனைஞ்சு கிடந்தா நாட்டுக்கோழி விளைக்குள்ள (தோட்டத்துக்குள்ள) எங்கயாவது வாழை மூட்டுல போய் போட்டுட்டு வரும், அத கீரியோ பாம்போ தின்னுட்டுப் போகும். மூணு நாள் காலையில பத்து பதினோரு மணி வரைக்கும் திறந்து விடாம வச்சா குட்டு வெளிப்பட்டுரும்.

தீனியத்தான் நான் பெருசா சொல்வேன். நம்ம பக்கம் கோழிக்கு மிச்சச் சோறும் மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கும்தான், ரெண்டும் வெறும் மாவு, வயிறு நிறையும் இறகு முளைக்காது. மரச்சீனிய பச்சையா போடவே கூடாது, விஷம் உண்டு, அவிச்சோ காய வச்சோதான். லேயர் தீவனம் (முட்டைக் கோழிக்கான கடைத் தீவனம்) பாதியாவது சேருங்க, கூட சாளை (மத்தி) மீன் தலை குடல் அவிச்சுக் கொடுங்க, ஆனா கொஞ்சமா, அதிகமானா பிறகு முட்டையில மீன் வாடை அடிக்கும். கருவாடு வேண்டாம், அந்த உப்பு கோழியக் கொன்னுரும். மழையில பூசணம் பிடிச்ச கடலைப் புண்ணாக்கு அதைவிட மோசம், காசு போனாலும் பரவாயில்ல குப்பையில தட்டுங்க. சிப்பி ஓட்டுக்கு நமக்கு பஞ்சமே இல்ல, இடிச்சு தனிப் பாத்திரத்துல வைங்க, வேணுங்கிறத அதுவே கொத்திக்கும்.

கூட்டுத் தரை ஈரமா இருந்தா குடல் புழுவும் ரத்தக் கழிச்சலும் வரும், மரத்தூளோ உமியோ போட்டு நனைஞ்சத அப்பப்ப மாத்துங்க. ஒரு மூலையில மழை படாம சாம்பலும் மணலும் கலந்து வச்சா அதுல புரண்டு குளிச்சு செல்லு (கோழிப் பேன்) உதிர்த்துக்கும். புழு மருந்து கடைசியா எப்ப கொடுத்தீங்கன்னு யோசிச்சுப் பாருங்க, ஞாபகமே வரலன்னா இப்ப கொடுக்கலாம், அளவு மட்டும் கால்நடை மருந்தகத்துல கேட்டுக்கோங்க.

பல்பு வேணும்னா தை மாசம் புது இறகு முழுசா வந்த பிறகு போடுங்க, அதுவும் 100 வாட்ஸ் எல்லாம் எதுக்கு, ஒரு 9 வாட்ஸ் எல்இடி போதும். விடியக்காலை நாலு மணிக்கு எரியுற மாதிரி டைமர் வைங்க. சாயங்காலம் வெளிச்சத்த நீட்டிப் போட்டா திடீர்னு அணையுறப்ப கோழி கம்பு ஏற முடியாம இருட்டுல தட்டுத்தடுமாறும். பிவிக்கு இது பலன் தரும், நாட்டுக்கோழிக்கு கரண்ட் காசுதான் நஷ்டம், அது 12, 15 முட்டை போட்டதும் அடைக்கு உக்காந்துரும், எந்த பல்புக்கும் அசையாது.

இறகு உதிர்க்குற கோழி சோம்பலா இருக்கும், ஆனா தின்னும். தீனிய விட்டுட்டு பச்சை நிறமா கழிஞ்சு கழுத்த முறுக்குச்சுன்னா அது வெள்ளைக் கழிச்சலா (ராணிக்கெட் நோயா) இருக்கலாம், அந்தக் கோழிய உடனே தனியாக்கிட்டு அன்னைக்கே மருந்தகத்துக்குச் சொல்லுங்க.