அல்டிமேட் ஃபிரிஸ்பீயில் எல்லோரும் டிஸ்க்கை நோக்கியே ஓடி வருகிறோம், இதற்கு என்ன ஆட்டத்திட்டம் போடுவது?

உங்கள் கல்லூரி அணி புதிது, ஒருவர் கையில் டிஸ்க் (வீசிப் பிடிக்கும் தட்டு) வந்ததும் மற்ற ஆறு பேரும் அவரிடமே ஓடி வருகிறீர்கள், வீச இடமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சேலத்தில் வாரக் கடைசியில் ஆடும் எங்கள் கூட்டத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் நான்தான். முதல் மாதம் எல்லா அணியும் இப்படித்தான் இருக்கும். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் வந்து நின்றதும், இறங்குகிறவர்களை இறங்கவிடாமல் எல்லோரும் படியை அடைப்பார்களே, அந்த நெரிசல்தான் இது. அதனால் யார் பிடிப்பது என்பதை அப்புறம் பார்க்கலாம், யார் எந்த இடத்தைக் காலி செய்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வெர்ட்டிகல் ஸ்டாக்கிலிருந்து தொடங்குங்கள். வீசுகிறவர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் சற்றுப் பின்னால் டம்ப் (முன்னால் வீச வழியில்லாதபோது தரும் சின்னப் பின்பாஸ்) வாங்க ஒருவர், மீதி ஐந்து பேர் மைதானத்தின் நடுவே நெட்டு வரிசையில். முதல் ஆள் டிஸ்க்கிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி நிற்கட்டும். மைதானத்தின் அகலம் 37 மீட்டர், வீசுகிறவர் முன்னால் நின்று தடுக்கும் எதிரணி மார்க்கர் ஒரு பக்கத்தை அடைத்து (அதுதான் பிரேக் சைடு) உங்களை மறுபக்கம் வீச வைப்பார். அந்த ஓபன் சைடில் ஏறக்குறைய 18 மீட்டர் அகலத்துக்கு ஒரு வீதி கிடைக்கிறது. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓட வேண்டும், இதை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

கடைசியில் நிற்பவர் முதல் கட், அதாவது டிஸ்க் வாங்க ஓடும் ஓட்டம், எடுக்கட்டும். எண்ட் சோனை (டிஸ்க்கைப் பிடித்தால் பாயிண்ட் கிடைக்கும் மைதானக் கோடி) நோக்கி மூன்று நான்கு எட்டு எடுத்து வைக்கட்டும், நிஜமாகவே நீளமான வீச்சு வாங்கப் போகிறவர் போல முழு வேகத்தில். காப்பவரின் இடுப்பைப் பாருங்கள். அது திரும்பிவிட்டால் அவர் உங்களோடு ஓடத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம், உடனே வெளிக்காலை ஊன்றி டிஸ்க்கை நோக்கிச் சாய்வாக ஓபன் சைடுக்குள் வாருங்கள். அவர் திரும்பாமல் உங்களுக்கும் டிஸ்க்குக்கும் நடுவிலேயே நின்றால் நிற்காமல் டீப்பாக, எண்ட் சோன் பக்கமே, போய்விடுங்கள், டிஸ்க் அவர் தலைக்கு மேல் வரட்டும். ஆக எந்தப் பக்கம் போவது என்பதை ஹடிலில் (ஆடும் முன் கூடிப் பேசும் வட்டத்தில்) நின்று எழுதி வைக்க முடியாது, காப்பவர் நிற்கும் இடம்தான் அதைச் சொல்லும். ஹடிலில் முடிவு செய்ய வேண்டியது வரிசை மட்டும்: முதலில் யார், அவர் பிடித்தால் அடுத்து யார். இந்த இரண்டு பாஸுக்கு மேல் திட்டம் போடவே போடாதீர்கள், மூன்றாவது பாஸ் வரும்போது ஆட்டமே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

வீசுகிறவர் டிஸ்க்கைப் பிடித்து, முகத்தை எண்ட் சோன் பக்கம் திருப்பிய பிறகே கட் தொடங்க வேண்டும். முன்னாடியே ஓடினால் நீங்கள் காலியாக இருக்கும் நேரத்தில் அவர் பார்க்கத் தயாராக இருக்க மாட்டார். டிஸ்க் வரவில்லையா, அங்கேயே கை தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள், வந்த வேகத்திலேயே பிரேக் சைடு வழியாக வெளியேறி ஸ்டாக்கின் பின்பக்கம் சேருங்கள். புதியவர்களுக்கு இதுதான் சிரமம், ஏனென்றால் ஓடியும் பயனில்லையே என்று தோன்றும். ஆனால் அடுத்தவருக்கு அந்த வீதி திறப்பது அந்த ஓட்டத்தால்தான். எங்கள் பயிற்சியில் நல்ல கேட்சுக்குக் கைதட்டுவது போலவே சரியான நேரத்தில் விலகியவருக்கும் கைதட்டுகிறோம்.

மார்க்கர் பத்து வரை எண்ணுவதற்குள் வீசியாக வேண்டும், ஆறு வந்ததும் வீசுகிறவர் தயங்காமல் டம்ப் பக்கம் திரும்பட்டும். இதைத் தோல்வியாக நினைக்காதீர்கள், எனக்கு இந்த விளையாட்டிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். டம்ப் வாங்கியவர் அப்படியே பிரேக் சைடுக்கு ஸ்விங், அதாவது குறுக்கே ஒரு பாஸ், கொடுத்தால், ஓபன் சைடை அடைத்துக்கொண்டு நின்ற காப்பாளர்கள் எல்லோரும் தப்பான பக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஸ்டாக்கில் பொறுமையாகக் காத்திருந்தவர் அந்த நொடியில் கிளம்ப வேண்டும்.

ஹரிசாண்டல் ஸ்டாக் (குறுக்கு வரிசை) அப்புறம் பழகலாம், அதற்குக் கொஞ்சம் நீளமாக வீசத் தெரிந்த ஹேண்ட்லர்கள், அதாவது முக்கியமாக வீசும் பொறுப்புள்ளவர்கள், மூன்று பேர் வேண்டும். ஆடி மாதக் காற்றில் இங்கே எதிர்க்காற்றுக்கு நீளமாக வீசினால் 175 கிராம் டிஸ்க் மேலே எழும்பி நின்றுவிடும், காப்பவர் சாவகாசமாக வந்து தட்டிவிடுவார். அந்த நாட்களில் டீப் கட்டைக் காப்பவரை ஏமாற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு டம்ப், ஸ்விங் என்றே நகர்கிறோம். ஏற்காட்டில் பனிமூட்டத்தில் ஆடும்போதும் இதேதான், டிஸ்க் ஈரமாகி வழுக்குகிறது, குறுகிய பாஸ்தான் கைகொடுக்கும்.

உங்களுடையது ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் அணி என்றால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: முதல் கட்டைப் பெண்களுக்கும் எழுதுங்கள். திட்டத்தில் பெயர் இல்லாதவரை வீசுகிறவர் பார்ப்பதே இல்லை, அவர் எவ்வளவு காலியாக இருந்தாலும் சரி.

அடுத்த பயிற்சியில் காப்பவர் யாரும் இல்லாமல், ஐந்து பேரையும் வரிசையில் நிறுத்தி, கட், விலகல், அடுத்த கட் என்று மட்டும் ஓட்டிப் பாருங்கள். வீதியில் இரண்டு பேர் ஒன்றாகத் தெரிந்தால் உடனே நிறுத்தி முதலிலிருந்து தொடங்குங்கள்.