கச்சேரியில் வாசிப்பவர் கொயரிலும் வாசிக்கலாமா?

கேள்வி: சர்ச் கொயரில் கீபோர்டு வாசிக்கிறேன். பிழைப்பு மெல்லிசைக் குழுவில். "ரெண்டுல ஒண்ணை விடு தம்பி" என்கிறார் சபை மூப்பர். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்குச் சினிமா மெட்டில் பாட்டுக் கட்டச் சொல்வதும் அவரேதான். நான் என்ன செய்ய?

பதில்: அவர் விட வேண்டியதைப் பிடிக்கிறார், பிடிக்க வேண்டியதை விடுகிறார்.

கச்சேரி உங்கள் தொழில். "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது" என்கிறார் பவுல் (1 கொரி. 10:23). கூசவைக்கும் பாட்டு வந்தால் வாசிக்க மறுத்துவிடுங்கள், மற்றதில் குற்றமில்லை. ஆனால் சனி இரவுக் கச்சேரி முடித்துவிட்டு ஞாயிறு ஆராதனையில் தூங்கி வழிந்தால், நான் மூப்பர் பக்கம்தான்.

மெட்டு விஷயம் வேறு. பெரிய வெள்ளியன்று பாமாலை என்ற ஞானப்பாட்டுப் புத்தகத்திலிருந்து பாடும் 'இரத்தம் காயம் குத்தும்' மெட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1601இல் ஜெர்மனியில் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் வெளியிட்ட காதல் பாட்டு அது. 1613இல் நல்மரணம் வேண்டும் ஞானப்பாட்டுக்கு அதைப் பொருத்தினார்கள். அதே மெட்டில் பவுல் கெர்ஹார்ட்டின் சிலுவைப் பாட்டு வந்தது 1656இல்; அதன் தமிழாக்கம்தான் நாம் பாடுவது. இதற்கிடையே துள்ளலான தாளமும் சீராகி நிதானப்பட்டது. இன்று அதைக் கேட்டு யாருக்கும் காதலி நினைவு வருவதில்லை.

போன மாத ஹிட் பாட்டுக்கு அந்த அவகாசம் ஏது? நீங்கள் "பாலகன் பிறந்தார்" என்று பாட, கேட்பவர் மனதில் ஹீரோ ஆடுவார். வேண்டுமானால் சொற்களை விட்டு மெட்டை மட்டும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் சினிமா வரியை எடுத்துக் கொடுத்தால் அந்த மெட்டு வேண்டாம். வீடியோவை யூடியூபில் ஏற்றினால் காப்புரிமைத் தகராறு வேறு வரும்.

வெளியிலிருந்து எதையுமே எடுக்கக் கூடாதென்று சொல்லவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி என்ற மேடை வடிவத்தையே எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். நீங்களும் அந்தச் சினிமாப் பாட்டில் பிடித்த ராகத்தையோ தாள நடையையோ எடுத்துக்கொள்ளுங்கள், மெட்டைப் புதிதாகப் போடுங்கள். கேரலுக்கு எட்டு வரி போதும்; தெருவில் நடந்துகொண்டே பாட வேண்டியதாயிற்றே, பல்லவி எளிதாக இருக்கட்டும். நவம்பரிலேயே மூப்பரிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள்.