வண்டியை விற்றவர் கட்டிய வரி உங்களுக்குச் செல்லாது

பிரிட்டனில் பழைய வண்டி வாங்கும்போது, "இன்னும் ஆறு மாசம் வரி இருக்கு" என்று விற்றவர் சொன்னாலும், அது உங்கள் பெயருக்கு வராது. அங்கே 2014 அக்டோபர் 1 முதல், வரி கட்டியதைக் காட்டக் கண்ணாடியில் ஒட்டும் வட்டச் சீட்டையும் எடுத்துவிட்டார்கள், வண்டியோடு மிச்ச வரி கைமாறுவதையும் நிறுத்திவிட்டார்கள். மீதி முழு மாதங்களுக்கான பணம் அவருக்கே திரும்பிவிடும். அவர் இதைத் தெரியாமல் சொல்லியிருக்கலாம்.

பதிவுப் புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுத்த பச்சைச் சீட்டு இருக்கிறதா பாருங்கள். அதிலுள்ள 12 இலக்க எண்ணை வைத்து அரசுத் தளத்தில் இப்போதே கட்டிவிடலாம். மாதாமாதம் டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பது) என்றால் 5 சதவீதம் கூடுதல்.

ஆனால் ஒன்று, விற்றவர் வண்டி விற்றதை அரசுக்குத் தெரிவிக்காதவரை, அரசுத் தளத்தில் நம்பர் பிளேட் எண்ணைப் போட்டுத் தேடினால் வரி உண்டு என்றே காட்டும், அதை நம்பி வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.