இழுக்கும், நிறுத்துமா? – வாசகர் வண்டிக் கேள்விகள்

கேள்வி: 2004 செவ்ரோலே டாஹோ எஸ்யுவி வைத்திருக்கிறேன். 5.3 லிட்டர் வி8, ஃபோர் வீல் டிரைவ், 1,68,000 மைல் ஓடியிருக்கிறது, இஞ்சின் இன்னும் அருமை. காலி எடை 4,800 பவுண்டு உள்ள டிராவல் டிரெய்லர் (உள்ளே தங்கிப் படுக்கும் இழுவை வண்டி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நாங்கள் ஐந்து பேர், மேற்கு டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்கா வரை இழுத்துப் போக ஆசை. வண்டி ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று அப்போதே விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். சிப், எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்றி பவரைக் கூட்டு என்கிறார் நண்பர். எதில் ஆரம்பிக்கலாம்?
– ஹூஸ்டன் வாசகர்

பதில்: நண்பர் சொன்ன மூன்றையும் ஓரமாக வையுங்கள். அந்த இஞ்சினுக்குத் தெம்பு போதும். அதற்குப் பின்னால் இருக்கும் 4எல்60-ஈ என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிக்குத்தான் சூடு ஆகாது. பவரைக் கூட்டினால் அந்தப் பாரமும் அதன் தலையில்தான் விழும்.

முதலில் எடைக் கணக்கு. காலி எடை என்பது விற்பவர் சொல்லும் எடை, நீங்கள் இழுக்கப்போவது அதை அல்ல. பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கை, தண்ணீர் எல்லாம் ஏறியதும் ஆயிரம் பவுண்டுக்கு மேல் சர்வசாதாரணமாகக் கூடும். தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு, நாற்பது கேலன் நிரப்பினால் அதுவே 330 பவுண்டு. ஆக 5,900 என்று வையுங்கள். அதில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கி) மேல் உட்கார வேண்டும், குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். 12 சதவீதம் போட்டால் 700 பவுண்டு. அந்த 700-ம், ஐந்து பேரும், டிக்கியில் வைக்கும் சாமானும் டாஹோ சுமக்கும் பாரத்தில்தான் சேரும், இழுக்கும் கணக்கில் அல்ல. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏழாயிரம் இழுக்கிற வண்டி குடும்பத்தோடு ஆறாயிரம் இழுக்கும்போது சுமக்கும் வரம்பைத் தாண்டிவிடலாம். ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் வண்டியின் உச்சபட்ச மொத்த எடை இருக்கும். டேங்க் நிரப்பி, குடும்பத்தை ஏற்றி, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் (CAT) கம்பெனியின் எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். ஸ்டிக்கர் எண்ணிலிருந்து அதைக் கழித்து மிஞ்சுவதுதான் ஹிட்சுக்கு உள்ள இடம். டிரெய்லருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள், அப்புறம் செய்து பயனில்லை.

அடுத்து, குளவ் பாக்ஸைத் திறந்து பாருங்கள். மூன்று மூன்று எழுத்தாகக் குறியீடுகள் அச்சடித்த ஒரு லேபிள் இருக்கும். ஜிடி4 என்றால் பின் ஆக்ஸில் விகிதம் 3.73, ஜிடி5 என்றால் 4.10, ஜியூ6 என்றால் 3.42. எண் பெரிதானால் இழுக்கும் தெம்பு கூடும். 3.42 வந்தால் இவ்வளவு பெரிய டிரெய்லர் வேண்டாம் என்பேன், அல்லது ஆக்ஸில் கியரை மாற்றச் செலவு செய்ய வேண்டியிருக்கும். கேஎன்பி என்று இருந்தால் கம்பெனியே கூடுதல் கியர் ஆயில் கூலர் வைத்திருக்கிறது. இல்லையென்றால் உங்கள் முதல் செலவு அதுதான்: ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு நல்ல கூலர், கூடவே கியர் ஆயில் வெப்பம் காட்டும் ஒரு மீட்டர் (உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடலாம்). இழுக்கும்போது முள் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி நின்றால் நிம்மதி. 220-ஐத் தாண்டி இறங்க மறுத்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

கூலர் போடும்போதே கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போலக் குழைவாகப் படிந்திருந்தால் பயமில்லை, அந்த வயதுக்கு அது இருக்கத்தான் செய்யும். விரலில் தேய்த்தால் நறநறவென்று உலோகத் துகள் தட்டுப்பட்டாலோ, ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தாலோ, மூன்றாம் நான்காம் கியர் கிளட்ச் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெட்டியை அவிழ்த்துச் சரிசெய்யாமல் டிரெய்லரை மாட்டாதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் ஃபில்டரை மாற்றி, டெக்ஸ்ரான் 6 என்ற கியர் ஆயிலை ஊற்றச் சொல்லுங்கள். அளவை இஞ்சின் ஓடும்போது, ஆயில் சூடாக இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் அளவுக் குச்சியைப் பார்த்துவிட்டு மேலும் மேலும் ஊற்றுகிற பட்டறைகள் உண்டு.

இனி நிறுத்துகிற விஷயம். டெக்சாஸில் 4,500 பவுண்டுக்கு மேல் மொத்த எடை உள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். அதை இயக்க உங்கள் டேஷ்போர்டில் பிரேக் கன்ட்ரோலர் வேண்டும். மாட்டியும் டிரெய்லர் பிரேக் வேலை செய்யவில்லையென்றால் கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். இந்தத் தலைமுறை வண்டிகளில் இழுவைக்கான மின்வயர்களை பானெட்டுக்கு அடியில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் இணைக்காமலே விட்டிருப்பதைப் பலமுறை பார்க்கலாம், அதை முதலில் சோதியுங்கள். 5,000 பவுண்டுக்கு மேல் என்பதால் எடையை முன் சக்கரங்களுக்கும் பகிரும் ஹிட்ச், ஆட்டத்தைத் தடுக்கும் பட்டையோடு அவசியம். பின்பக்கம் தொங்குகிறதே என்று காயில் ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை வைத்துத் தூக்கினால் பார்க்க நிமிர்ந்து நிற்கும், ஆனால் ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு பவுண்டுகூட ஏறாது. டயர் தேதியையும் பாருங்கள். பக்கச் சுவரில் கடைசி நாலு இலக்கம் வாரமும் வருடமும், 1517 என்றால் 2017-ன் பதினைந்தாவது வாரம். பட்டன் தேயவில்லை என்பது சாக்கு இல்லை, அந்த வயது டயரோடு அவ்வளவு பாரத்தை இழுக்கக் கூடாது.

பிக் பெண்ட் உங்களுக்கு 600 மைல் பக்கம், சான் அந்தோனியோ தாண்டியதும் தரை மெல்ல ஏறிக்கொண்டே போகும், எதிர்க்காற்றும் உண்டு. கியர் கம்பி நுனியில் உள்ள டோ/ஹால் என்ற இழுவைப் பொத்தானை அழுத்தி ஓட்டுங்கள். அப்படியும் மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறித் தவித்தால் மூன்றிலேயே விட்டுவிடுங்கள், பெட்ரோல் கூடக் குடிக்கும், குடிக்கட்டும். ஏற்றத்தில் மட்டும் இஞ்சின் சூடு ஏறினால் 2004 வண்டியில் முதல் சந்தேகம் விசிறி கிளட்ச் மேல். சூடானதும் விசிறி உறுமுகிற சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லையா, மாற்றுங்கள்.

கேள்வி: 2005 டாஹோவை நாலு அங்குலம் தூக்கி 33 அங்குல டயர் போட்டேன். கம்பீரமாக இருக்கிறது, ஆனால் படகு டிரெய்லரை மாட்டினால் வண்டி மூச்சு வாங்குகிறது. – டாலஸ் வாசகர்

பதில்: வாங்கும். பழைய டயர் சுமார் 30.6 அங்குலம், உங்கள் ஆக்ஸில் 3.73 என்று வைத்தால் அது இப்போது கிட்டத்தட்ட 3.46 போலத்தான் உழைக்கிறது. வேகமானியும் குறைத்துக் காட்டும். படகு முக்கியமென்றால் ஆக்ஸிலை 4.10-ஆக மாற்றுங்கள். ஃபோர் வீல் வண்டி என்றால் முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற வேண்டும். கம்பீரம் முக்கியமென்றால் படகை வேறு வண்டியில் இழுங்கள்.

கேள்வி: 2002 செவ்ரோலே சபர்பன் (ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி), துருவைத் தவிர குறையில்லை. பிரேக் குழாயை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக், பணம் பிடுங்கப் பார்க்கிறாரோ? – மிச்சிகன் வாசகர்

பதில்: இல்லை, அவர் சொல்வதைக் கேளுங்கள். 1999 முதல் 2003 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் சாலை உப்பால் பிரேக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாவதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையே விசாரித்து, 2015-ல் ரீகால் (கம்பெனியே இலவசமாகச் சரிசெய்து தருவது) இல்லாமல் முடித்தது. அதனால் செலவு உங்கள் தலையில்தான். ஓட்டுநர் பக்கச் சட்டத்தை ஒட்டிப் போகும் குழாயை டார்ச் அடித்துப் பாருங்கள், தோல் உரிந்து பொருக்கு தட்டியிருந்தால் ஒட்டுப் போடாமல் முழு நீளமும் மாற்றுங்கள். நிக்கல்-செம்பு கலந்த குழாய் கேளுங்கள், அது துருவைத் தாங்கும். குளிர்காலம் முடிந்ததும் அடிப்பக்கம் நீரடித்துக் கழுவுவதும் நல்லது.

கேள்வி: 2004 ஜிஎம்சி யூக்கான், 5.3 லிட்டர் இஞ்சின். இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, கீழே ஒரு சொட்டு இல்லை, புகையும் இல்லை. – நியூ ஜெர்சி வாசகர்

பதில்: 2001 முதல் 2006 வரை சில 5.3 இஞ்சின்களில் காஸ்டெக் என்ற வார்ப்பாலை செய்த சிலிண்டர் ஹெட்டுகள் உண்டு. அவை மயிரிழையாக வெடித்து, கூலன்ட் வால்வு கவருக்குள்ளேயே (ஹெட்டின் மேல்மூடி) கசிந்து ஆயிலில் கலக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கவரைக் கழற்றிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் ஆயில் கறை படிந்து பழுப்பாக இருக்க, ஒரு இடம் மட்டும் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தால் அதேதான். ஹெட்டை மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள், கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிட்டால் இஞ்சினையே மாற்ற வேண்டிவரும்.